பங்கோர் கடலுக்குள் முகம் புதைக்கும் முன்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் லுமுட் படகுத்துறையில் நிற்க இடமிருக்காது. ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், சித்தியவான் என்று பேராக்கின் எல்லா மூலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சேருவார்கள். ஃபெரியில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் பங்கோர் தீவு. இறங்கியதும் இளஞ்சிவப்பு நிற வேன் பிடித்து மேற்குக் கரைக்குப் போனால் தெலுக் நிப்பா கடற்கரை. எதிரிலேயே, நீந்திப் போய்விடலாம் போலத் தோன்றும் தொலைவில், கியாம் என்ற குட்டித் தீவு. கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்கு வாங்கிக்கொண்டு படகில் சில நிமிடம் போனால், இடுப்பளவு நீரிலேயே கோடு போட்ட மீன்கள் காலைச் சுற்றி வரும்.

நம்மில் பலருக்கு நீச்சல் பழக்கம் உண்டென்றால் அது தோட்டத்து ஆற்றிலோ, கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டையிலோ அப்பாவும் மாமாவும் பழகிய பழக்கத்தின் தொடர்ச்சிதான். குட்டை வேறு, கடல் வேறு. குட்டையில் நீர் அசையாது. கடலில் அது ஒரு நிமிடம்கூட நிற்காது. இந்த வேறுபாடு தெரியாமல் இறங்குவதுதான் ஆபத்து. தெரிந்து இறங்கினால், அறிவியல் பாடத்தில் படித்த ஒளி, அழுத்தம், அடர்த்தி மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் உடம்பால் உணர்ந்துவிடலாம்.

நீர் ஏன் பச்சையாக இருக்கிறது?

விளம்பரப் படங்களில் வரும் கரீபியத் தீவுகளின் கடற்கரையைப் பார்த்திருப்பீர்கள். மணல் வெள்ளை, நீர் கண்ணாடி நீலம். பங்கோருக்குப் போனால் நீர் பெரும்பாலும் பச்சை. "கடல் அழுக்கு" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது அழுக்கு அல்ல, புவியியல்.

கரீபியத்தின் சிறு தீவுகள் பலவற்றில் பெரிய ஆறுகளே இல்லை. மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்ட ஆளில்லை. மலாக்கா நீரிணையோ இரு பக்கமும் நிலம் நெருக்கும் ஆழங்குறைந்த கடல். பேராக் ஆறு பாகான் டத்தோ பக்கம் கடலில் கலக்கிறது. லுமுட்டை ஒட்டியே டிண்டிங் ஆறு வந்து சேருகிறது. சுமத்ராவின் ஆறுகளும் தம் பங்குக்குச் சேற்றைக் கொண்டுவருகின்றன. மணல் துகள் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். களிமண் துகள் அப்படியல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கே உள்ள நுண்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே மூன்று நாள் போல ஆகும். அசைந்துகொண்டேயிருக்கும் கடலில் அது அடங்குவது எப்போது? இந்தத் துகள்களும், நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பச்சை நுண்பாசிகளும் சேர்ந்துதான் நீலத்தைப் பச்சையாக மாற்றுகின்றன.

தீவின் கிழக்குக் கரை பெருநிலத்தைப் பார்த்திருக்கிறது. மீனவக் கிராமங்கள் அங்கே உள்ளன. சேறும் அங்கேதான் அதிகம். மேற்குக் கரை திறந்த நீரிணையைப் பார்ப்பதால் நீர் சற்றுத் தெளிவு. சுற்றுலாக் கடற்கரைகள் எல்லாம் மேற்கில் இருப்பதற்கு இதுவே காரணம்.

மணலும் வேறு கதை சொல்கிறது. கரீபியத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பகுதி சிப்பி, பவளம் ஆகியவற்றின் பொடி. அங்குள்ள கிளிமீன்கள் பவளப் பாறையைக் கொறித்துத் தின்று, செரிக்காத சுண்ணாம்பை மணலாகவே கழித்துவிடுகின்றன! பங்கோர் தீவு கருங்கல்லால் ஆனது. கருங்கல் காலப்போக்கில் சிதைந்து உதிரும்போது எஞ்சுவது கடினமான படிகக்கல் துகள். தெலுக் நிப்பாவில் உங்கள் காலில் ஒட்டும் மணலில் அதுவே அதிகம்.

இன்னொரு பெரிய வேறுபாடு, கடல் ஏறி இறங்கும் அளவு. கரீபியக் கடலில் பல இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அரை மீட்டர்கூட வேறுபாடு இருக்காது. பேராக் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் அது 2 மீட்டரைத் தாண்டும். வயது வந்த ஒருவரின் உயரத்தைவிட அதிகம். இதைத்தான் பங்கோருக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பஞ்சாங்கம் பார்த்துக் கடலுக்குப் போகலாம்

நிலவும் சூரியனும் புவியின் கடல்நீரை ஈர்க்கின்றன. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நிற்பதால் இரண்டின் ஈர்ப்பும் கூடிவிடும். ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. வளர்பிறை, தேய்பிறை அட்டமியில் நிலவும் சூரியனும் செங்கோணத்தில் நிற்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று ஓரளவு குலைத்துவிடும். அன்று ஏற்ற வற்ற வேறுபாடு குறைவு, நீரோட்டமும் மெதுவு. நீரோட்டம் மெதுவானால் அடிச்சேறு கிளம்பாது, நீர் தெளியும். ஆக, கடலுக்கடியில் மீன் பார்க்க ஏற்ற நாள் அட்டமி, நவமியை ஒட்டிய நாள்கள்தாம். அந்த நாள்களில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று சொல்லும் பாட்டியிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

பங்கோரின் பத்திரகாளியம்மன் கோயிலில் மாசிமகம் சிறப்பாக நடக்கும். கோயில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மாசிமகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அந்த நாள்களில் கடல் ஏற்றமும் பெரிதாகவே இருக்கும். திருவிழாவுக்குப் போய் அப்படியே கடலில் இறங்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று காலை பத்து மணிக்கு ஏற்றம் என்றால் இன்று அது பதினொன்றை நெருங்கிவிடும். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆனால் நீர் ஒரே வேகத்தில் ஏறாது. கடலோடிகள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. ஏற்றம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் ஏறும். "கடல் அப்படியேதான் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவது மணியில் மட்டும் 60 சென்டிமீட்டர்! முழங்கால் அளவு நின்ற நீர் இடுப்பைத் தாண்டிவிடும்.

அந்த நடு மணிகளில்தான் நீரோட்டமும் வேகமாகும். தெலுக் நிப்பாவுக்கும் கியாம் தீவுக்கும் இடையே இருப்பதுபோன்ற குறுகிய வழியில் நீர் நெருக்கிக்கொண்டு பாயும். உங்கள் நீச்சலை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நூறு மீட்டரை மூன்று நிமிடத்தில் நீந்துகிறவரின் வேகம் நொடிக்குச் சுமார் 0.55 மீட்டர். எதிர்நீரோட்டம் நொடிக்கு 0.6 மீட்டர் இருந்தாலே போதும். எவ்வளவு கையடித்தாலும் அவர் பின்னால்தான் போவார். களைத்துப்போவதுதான் மிச்சம். நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தக்கூடாது. அதற்குக் குறுக்காக நீந்தி வெளியேற வேண்டும், அல்லது மல்லாந்து மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். "எதிரில்தானே தீவு" என்று நீந்திப் போகாமல் படகில் போவதே சரி என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று

நீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கல். உப்புத்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல நீரிலும் அப்படித்தான். காரணம் ஒளிவிலகல்.

நம் கண்ணில் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது உள்ளேயிருக்கும் விழிவில்லை அல்ல. கண்ணின் முன்புறத்து வளைந்த தெளிபடலம். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00, தெளிபடலத்தின் எண் சுமார் 1.38. இந்தப் பெரிய வேறுபாட்டால்தான் ஒளி வளைகிறது. நீரின் எண் 1.33. நீருக்கும் தெளிபடலத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் ஒளி அங்கே வளைவதே இல்லை என்று சொல்லலாம். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய்விடுகிறது.

முகமூடி செய்வது ஒன்றே ஒன்றுதான்: கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைக்கிறது. தெளிபடலத்துக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆனால் நீரிலிருந்து தட்டைக் கண்ணாடி வழியாகக் காற்றுக்கு வரும்போது ஒளி மீண்டும் விலகுவதால், மீன் உண்மையில் இருப்பதைவிட நான்கில் ஒரு பங்கு கிட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரைக்கு வந்து "இவ்வளவு பெரிய மீன்" என்று கையை விரித்துக் காட்டுகிறவர் பொய் சொல்லவில்லை.

முன்பெல்லாம் இந்த முகமூடிகளை ரப்பரில் செய்தார்கள். நம் தாத்தா பாட்டிமார் விடியலில் எழுந்து வெட்டிய மரத்தின் பால், எங்கோ ஒரு கடலில் யாரோ ஒருவரின் முகத்தில் ஒட்டியிருந்திருக்கும். இப்போது சிலிக்கோன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

முகமூடி இல்லாமலே நீருக்குள் தெளிவாகப் பார்க்கிறவர்களும் உண்டு. மலாக்கா நீரிணைக்கு வடக்கே, அந்தமான் கடலில், தாய்லாந்து, மியன்மார் தீவுகளில் மோக்கன் என்ற கடலோடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நீரடியில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நுணுக்கமாகப் பார்ப்பதை சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003-இல் வெளியிட்டார். மோக்கன் பிள்ளைகள் நீருக்குள் கண்மணியை மிகச் சிறிதாகச் சுருக்கி, விழிவில்லையையும் முடிந்தவரை தடிக்கச் செய்கிறார்கள். இது பிறப்பில் வந்த தனித்திறனா? அதே ஆய்வாளர் சுவீடன் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்து பார்த்தார். அவர்களுக்கும் வந்துவிட்டது.

குழாய் ஏன் நீளமாக இல்லை?

மூச்சுக்குழாய் சுமார் 35 முதல் 38 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். "இரண்டு மீட்டர் குழாய் இருந்தால் கடலடியிலேயே உட்கார்ந்துகொள்ளலாமே" என்று கேட்காத மாணவர் இருக்க முடியாது. நல்ல கேள்வி. இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, நீர் அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் 100 கிராம் எடை அளவுக்கு நீர் அழுத்தும். உங்கள் மார்பை 30க்கு 20 சென்டிமீட்டர் என்று கொண்டால் 600 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 60 கிலோ! ஒரு மூட்டை சிமெண்டை மார்பில் ஏற்றிக்கொண்டு மூச்சிழுத்துப் பாருங்கள். குழாய் வழியே வரும் காற்று மேற்பரப்பின் அழுத்தத்தில் இருப்பதால் அது உங்களுக்கு உதவாது. ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் காற்றுக்கலன் சுமப்பது, அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் காற்றைப் பெறுவதற்காகத்தான்.

இரண்டாவது, பழைய காற்று. நீங்கள் வெளிவிடும் மூச்சில் கடைசிப் பகுதி குழாயிலேயே தங்கிவிடும். அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவது அந்தக் கரிவளி நிறைந்த காற்றுதான். குழாய் நீண்டால் புதிய காற்று வந்து சேருவதே இல்லை. குட்டைக் குழாயிலும் சின்னச் சின்ன மூச்சு விடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். மெதுவாக, ஆழமாக.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், குறிப்பாக "யார் அதிக நேரம் தம் பிடிப்பது" என்று பந்தயம் கட்டும் பையன்கள். மூச்சை அடக்கும்போது "போதும், மூச்சு விடு" என்று மூளையை நச்சரிப்பது உயிர்வளிக் குறைவு அல்ல. இரத்தத்தில் கரிவளி கூடுவதுதான். நீரில் இறங்கும் முன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு விட்டால் கரிவளி வெளியேறிவிடும். ஆனால் உயிர்வளி அதற்கேற்பக் கூடிவிடாது. இரத்தம் ஏற்கெனவே ஏறத்தாழ முழு அளவில்தான் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது. விளைவு என்ன? எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் உயிர்வளி தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள், அதிலும் ஆழமில்லாத நீச்சல் குளங்களில்கூட, இப்படி இறந்திருக்கிறார்கள். நீருக்குள் மூச்சடக்கும் பந்தயம் வேண்டவே வேண்டாம்.

மூழ்குகிறவர் திரைப்படத்தில் வருவதுபோலக் கத்திக் கையசைப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாய் நீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியில் மூச்சிழுக்கவே நேரம் போதாது, கத்துவது எங்கே? தலை பின்னுக்குச் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், சத்தமே இல்லாமல் நடந்துவிடும். அப்படி யாரையாவது கண்டால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். மிதவை, காலி நீர்ப்பானை, மூடிய பெரிய பிளாஸ்டிக் புட்டி, எது கிடைத்தாலும் எறியுங்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள், 999 எண்ணை அழையுங்கள்.

மிதப்பதில் கடல் நமக்குக் கொஞ்சம் சலுகை தருகிறது. உப்பால் கடல்நீர் குட்டை நீரைவிட 2 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தியானது. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது சுமார் 1 கிலோ கூடுதல் தாங்கலாக அமையும். சின்னதுதான். ஆனாலும் நுரையீரலில் காற்றை நிறைத்துக்கொண்டால் நம் உடலின் அடர்த்தி நீரைவிடச் சற்றே குறைவு, முழுவதும் வெளிவிட்டால் சற்றே அதிகம் என்பதால், இந்த ஒரு கிலோ பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். கடலில் மிதந்து பழகிவிட்டு அதே நம்பிக்கையில் ஈயக்குட்டையில் குதித்தால் அந்தச் சலுகை அங்கே இல்லை. கரை செங்குத்து, அடி சேறு. எங்கே போனாலும் மிதவை அங்கி அணிவதில் வெட்கம் வேண்டாம். முகத்தை நீரில் புதைத்து மீன் பார்க்க அது எந்தத் தடையும் இல்லை.

ஒலியைப் பற்றியும் ஒரு செய்தி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நீரில் சுமார் 1,500. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, இரு காதுகளையும் அது எட்டும் நேர வேறுபாட்டை வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. நீரில் அந்த வேறுபாடு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால் படகின் இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல இருக்கும். இரைச்சல் கேட்டால் உடனே தலையைத் தூக்கிப் பாருங்கள். மிதவைக் கயிறு கட்டிய பகுதியைத் தாண்டாதீர்கள்.

கல்லைப்போலத் தெரியும் விலங்கு

நீருக்கடியில் பாறைபோலக் கிடக்கும் பவளம் ஒரு விலங்குக் கூட்டம். ஒவ்வொன்றும் குண்டூசித் தலை முதல் சட்டைப் பொத்தான் வரை அளவுள்ள மெல்லுடல். அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து கிடைத்த உணவில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கும் அந்தப் பாசியினுடையதுதான். கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் இந்த உறவு முறிந்துவிடும். பாசி வெளியேற, பவளம் வெளுக்கும். வெளுத்தது உடனே சாவதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், தணியாவிட்டால் பட்டினியால் இறக்கும். 2010-இல் இப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு தற்காலிகமாக மூடியது. 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது முறையாகப் பெரும் வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது.

கலங்கலான நீரில் ஒளி குறைவு என்பதால் பங்கோர் பக்கத்துப் பவளங்களுக்கு வாழ்க்கை ஏற்கெனவே கடினம். உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். களைப்பாறுவதற்காக நீங்கள் ஒரு நொடி ஏறி நிற்கும் பந்து, உங்கள் அண்ணனைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம். மீன்களுக்கு ரொட்டி போடுவதும் வேண்டாம். பவளத்தின் மேல் படரும் பாசியைத் தின்ன வேண்டிய மீன், ரொட்டிக்குப் பழகி வேலையை விட்டுவிடும். வெயில் தடுப்புக் களிம்புகளில் உள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற பொருள்களைப் பவளத்தின் பொருட்டு ஹவாய் மாநிலம் 2021 முதல் விற்பனையிலிருந்து தடுத்திருக்கிறது. கடலில் கரையும் சிறு அளவு எவ்வளவு கேடு செய்யும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. நீளக்கை நீச்சலுடை போட்டுக்கொண்டால் வாதத்துக்கே இடமில்லை. வெயிலும் படாது, சொறிமீனின் கொடுக்கு இழைகளும் எளிதில் தீண்டாது.

சொறிமீன் தீண்டினால் தேய்க்கக்கூடாது, நல்ல நீரால் கழுவவும் கூடாது. தோலில் ஒட்டிய இழைகளில் வெடிக்காத நச்சுப்பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தேய்த்தால் அவையும் வெடிக்கும். நம் கடலில் உள்ள பெட்டிச் சொறிமீன் வகைகளுக்குச் சமையலறைப் புளிக்காடி நல்ல முதலுதவி. அது நச்சுப்பைகளை மேலும் வெடிக்கவிடாமல் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே உடலில் ஏறிய நஞ்சை எடுக்காது. மூச்சுத் திணறலோ கடும் வலியோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயணப் பையில் ஒரு சிறு புட்டி புளிக்காடி இருக்கட்டும்.

பவளத்தைப் பார்க்க ஃபெரி ஏற முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் சுண்ணாம்புக்கல். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்த இடம் ஆழங்குறைந்த வெப்பக் கடலாக இருந்தபோது, அதில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் நுண்ணுயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகள் படிந்து இறுகியவை. கம்பார் வட்டாரத்து ஈயச் சுரங்கங்களில் தோண்டும்போது அக்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. பல இடங்களில் சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பளிங்காக மாறிவிட்டதால் உருவங்கள் அழிந்துவிட்டன. குனோங் சீரோவில் கல்லுமலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று போகும்போது மலைப் பாறையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் படுவது ஒரு பழைய கடலின் அடித்தரை.